மூன்றாம் வீட்டு மிளா

இருவாச்சிமொட்டை எஸ்டேட்டில் இருவாச்சிப் பறவையைக் கண்ணால் கண்டவர்களில் பாதிப்பேர் செத்தும் மீதிப்பேர் வேலை முடிந்து மலையிறங்கியும் போய்விட்டிருந்த காலத்தில், ஐப்பசி மழை வெறித்திருந்த ஒரு காலையில், சங்கு ஊதி ஓய்வதற்குள் ஒரு பெட்டை மிளா, பேர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுக்கும் மஸ்டருக்கு வந்து பெண்கள் வரிசையின் கடைசியில் நின்றது. வடக்கே கடமான் என்று சொல்வார்கள், இந்த மலையில் அதற்கு மிளா என்று பேர். உடம்பெல்லாம் நனைந்த பழுப்பு மயிர், இடது காது கிழிசல், கழுத்தில் அட்டை குடித்த தழும்புகள். அதற்கு முன்னால் நின்ற பேச்சித்தாய் திரும்பிப் பார்த்தாள், மூச்சுக்காற்று முதுகில் படாதபடி ஓரடி முன்னே தள்ளி நின்றுகொண்டாள், அவ்வளவுதான். வரிசையில் வந்து நிற்கிற யாரையும் நீ யார், ஏன் வந்தாய் என்று கேட்கிற வழக்கம் தோட்டத்தில் என்றைக்குமே இருந்ததில்லை. கீழே பிழைக்க வழியில்லாதவர்கள் மேலே வருவார்கள், மேலேயும் வழியில்லாதவர்கள் வரிசையில் நிற்பார்கள், அந்த மலையின் சரித்திரம் மொத்தமும் அதுதான்.

வேலை பிரித்து மேற்பார்க்கும் கண்டக்டர் ஆறுமுகநயினார் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டுக்கொண்டே வரிசையின் கடைசிக்கு வந்தார். மிளாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த வீடு?"

மிளாவுக்காகப் பேச்சித்தாய் சொன்னாள்: "பதினஞ்சாம் லைன் மூணாம் வீடு. சவுரி அக்கா வீட்டுப் பின்னால உப்பு நக்கிட்டுக் கெடக்குமே, அதுதான்."

சவுரியம்மாளுக்கு வயசாகி, முந்தின நாளோடு வேலை முடிந்திருந்தது. ஆனாலும் பழக்கதோஷத்தில் அவள் எழுந்து, தலைக்குத் துணி கட்டி, மஸ்டர் களத்தின் ஓரத்தில் வந்து நின்றிருந்தாள். மாசக் கடைசிக்குள் வீட்டுச் சாவியை ஆபீசில் கொடுத்துவிட வேண்டும். தோட்டத்தில் வீடு என்பது ஆளுக்கு அல்ல, பேருக்கு. ஒரு வீட்டிலிருந்து ஒரு பேராவது மஸ்டரில் இருக்கும்வரை அந்த வீடு அந்த வீட்டாருக்கு. பேர் இல்லையென்றால் கூரை இல்லை. அதையும் சும்மா கொடுத்துவிடவில்லை. அதற்கு முன்பெல்லாம் புருஷன் செத்த அன்றைக்கே சட்டிபானையை மழையில் தூக்கிப் போட்டு வீட்டைப் பூட்டினார்கள். பெரிய ஸ்டிரைக்கின்போது சவுரியம்மாள்தான், அப்போது கல்யாணமான புதுசு, இலை லாரிக்கு முன்னால் ரோட்டில் குறுக்கே படுத்தாள், லாரிச் சக்கரம் அவள் பின்னலை மிதித்து நின்றது, பின்னல் போனது, சட்டம் வந்தது. அந்த வீட்டிலிருந்து வேலைக்கு வந்து நிற்கிற யார் பேரிலும் வீடு தொடரும் என்று துரை கையெழுத்துப் போட்டார். இப்போது அவளுக்கே அந்தச் சட்டத்தால் பிரயோசனமில்லாமல் போயிருந்தது. புருஷன் சேவியர் செத்து நெடுங்காலம். பிள்ளை ஒன்று வயிற்றில் ஏழு மாசம் இருந்து, மருந்தடித்த காட்டில் அவள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோதே நழுவிப்போனது. பதிய ஒரு பேர் இல்லை, இறங்கிப் போக ஓர் ஊரும் இல்லை.

ஆறுமுகநயினார் களத்தின் ஓரத்தைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்.

"ஏம்மா சவுரி, இது உன் வீட்டு ஆளா?"

சவுரியம்மாள் மிளாவைப் பார்த்தாள். மிளா அவளைப் பார்க்கவில்லை, நேரே நின்றது, முதல் நாள் வேலைக்கு வந்த பெண்பிள்ளைகள் நிற்கிற மாதிரி.

"ஆமா."

"பேரு?"

அவள், நழுவிப்போன பிள்ளைக்கு வைப்பதற்காக எடுத்து வைத்து, வைக்க வழியில்லாமல் இத்தனை காலமும் யாரிடமும் சொல்லாதிருந்த பேரைச் சொன்னாள்.

"கித்தேரி."

"கித்தேரி," என்று எழுதிக்கொண்டார் கண்டக்டர். "ஏழாம் நம்பர் காடு. கூடை நேராக் கட்டணும்."

தோட்டத்தில் தேயிலை நிற்கிற நிலத்துக்குத்தான் காடு என்று பேர். ஒன்றாம் நம்பர் காடு, ஏழாம் நம்பர் காடு, அப்படியே மலையின் தோள்வரைக்கும். காடாக இருந்தது போய்க் காடு என்ற பேர் மட்டும் மிச்சம் இருந்தது. சவுரியம்மாளின் அப்பன், ஆள் பிடித்து வரும் கங்காணியோடு நடந்து மலையேறி வந்தபோது ஏழாம் நம்பரில் பட்டப்பகலில் விளக்கு வேண்டும் என்பார்கள், மரத்துக்கு மேல் மரம், அதற்கும் மேல் கொடி, அதற்கும் மேல்தான் வானம். இருவாச்சி பறந்தால் ரயில் வண்டி போகிற மாதிரி சிறகுச் சத்தம் கேட்கும், குழந்தைகள் விழித்து அழும். சோலைமந்திகள் தரையில் கால்வைக்காமலேயே மலையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்விடும். அப்பன் கோடாலி பிடித்தார், ஒரு மரம் சாய ஒரு வாரம், அந்த மரத்தின் பொந்துக்குள் தன்னைத்தானே அடைத்துக்கொண்டு குஞ்சுபொரித்துக் கிடந்த இருவாச்சிப் பெட்டை மரத்தோடு சேர்ந்து சாய்ந்தது, சேவல் ஒரு மாசம் பழத்தைக் கவ்விக்கொண்டு வந்து வந்து வெறும் வானத்தில் வட்டமடித்தது. பிறகு வெள்ளைக்காரன் ஊரிலிருந்து மரம் வந்தது, நிழலுக்கு. உண்ணிச்செடி வந்தது, அழகுக்கு. அது மிச்சமிருந்த ஓடைக்கரையெல்லாம் ஏறி அடைத்துக்கொண்டது. மந்தி தரைக்கு இறங்கியது, தரைக்கு இறங்கியது அடுப்படிக்கு வந்தது. சிறுத்தை நாய் தின்னப் பழகியது. காட்டுமாடு கான்டீன் குப்பையில் வாய் வைத்தது. கடைசியில் ஒரு வருஷம், மழைக்கும் குளிருக்கும் பயந்து கீழ்நாட்டுப் பொட்டலோடு நின்றுகொள்ளும் மயில் மலையேறி வந்து ஆபீஸ் கூரையில் நின்று அகவியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். கிழவர்கள் மட்டும் வானத்தைப் பார்த்தார்கள். மயில் வந்துவிட்டதென்றால் இந்த மலை காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இத்தனை பச்சைக்கு நடுவே ஒரு வாய் தீனி இல்லை என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. தேயிலையை எந்த மிருகமும் தின்னாது. மிளா மஸ்டருக்கு வந்ததில் என்ன அதிசயம்?

சவுரியம்மாள் இரண்டு சாக்குகளைச் சேர்த்துத் தைத்து, முதுகின் இரு பக்கமும் தொங்கும்படி அதற்கு ஒரு கூடை செய்தாள். கித்தேரி உதட்டால் பறித்தது. இரண்டு இலை, ஒரு மொட்டு, தண்டு நசுங்காமல். கழுத்தைத் திருப்பிச் சாக்குக்குள் போடும், அடுத்த செடிக்கு நகரும். நாள் முழுக்க வாயில் பச்சையைக் கவ்வியும் ஒரு இலையைக்கூட அது முழுங்கியதில்லை. சாயங்காலம் இலை நிறுக்கும் கொட்டகையில் முன்னங்காலை மடக்கி உட்காரும், சவுரியம்மாள் சாக்கை அவிழ்ப்பாள், தராசில் வைப்பாள். கூலி உப்பு. மேஸ்திரி தகரக் குவளையில் அளந்து சவுரியம்மாளின் உள்ளங்கையில் கொட்டுவார், அவள் கையை நீட்டுவாள், அது கண்ணை மூடிக்கொண்டு நக்கும்.

சங்கத்தில் மட்டும் விவாதம் நடந்தது. எதையும் விவாதிக்காமல் விட்டால் அது சங்கம் இல்லை. கிளைச் செயலாளர் மாசிலாமணி, பேசினால் சிரிக்கவும் வைப்பான் அறுக்கவும் செய்வான், எழுந்து நின்றான்.

"உறுப்பினர் சந்தா வாங்கலாமா வேண்டாமாங்கிறது ஒரு கேள்வி. நாளைக்கு ஸ்டிரைக்குன்னா இது உள்ள போயிருச்சுன்னா? கருங்காலியை வீட்ல வச்சு வளத்தது நம்ம சவுரி அக்காதான்னு நோட்டீஸ் போடுவானுவ."

"போனஸ் கேட்டா என்ன செய்யும்?" என்றாள் பேச்சித்தாய். "துரையை முட்டுமா? அதுக்குக் கொம்பும் கெடையாதே."

"ஒனக்கு மட்டும் இருக்கோ?" என்றான் மாசிலாமணி.

எல்லாரும் சிரித்தார்கள். சவுரியம்மாள் சிரிக்கவில்லை.

"எங்க அப்பனைக் கங்காணி பஞ்சத்துல கூட்டிட்டு வந்தான். இதுவும் பஞ்சத்துல வந்திருக்கு. நம்மளை யாரு கேட்டா, நீ மனுசனான்னு?"

கித்தேரி பேரில் சந்தா வாங்கிக்கொள்வது என்று தீர்மானம் ஆனது. அந்த வருஷம் கூலி உயர்வுக்காக வேலை நிறுத்தம் வந்தபோது அது ஒரு இலையைத் தொடவில்லை, கேட்டுக்கு வெளியே பெண்களோடு நனைந்துகொண்டு நின்றது, கோஷத்துக்குத் தலையை உயர்த்தி உயர்த்தித் தாழ்த்தியது. போலீஸ் தடியை ஓங்கியபோது முதலில் ஓடவேண்டிய பிராணி அதுதான், அது ஓடவில்லை. அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றி விவாதிக்கவில்லை.

ஒரு வீட்டுக்கு வழி பிறந்தால் மற்ற வீடுகளுக்கும் பிறக்கும்தானே. ஒன்பதாம் லைனில் பிள்ளைகள் எல்லாம் திருப்பூர் போய்விட்ட ஒரு வீட்டுப் பேரில் கரடி ஒன்று குழி வெட்ட வந்தது. நிழல் மரம் கழிக்க மந்திகள் வந்தன. இலை மூட்டை சுமக்கக் காட்டுமாடு வந்தது, அது நடந்தால் கண்டக்டர் ஒதுங்கி வழிவிட்டார், மனுஷர் யாருக்கும் அவர் ஒதுங்கியதில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பங்குச் சாமியார் காணிக்கைத் தட்டோடு பின்வரிசைக்கு வந்து, வாசலுக்கு வெளியே தலை குனிந்து நிற்கிற மிருகங்களைப் பார்த்து, தட்டை நீட்டலாமா என்று யோசித்துவிட்டுத் திரும்பிப் போவார். பெண்கள் தேங்காய்ச் சிரட்டையில் உப்பு போட்டு வாசலில் வைத்தார்கள். லைனில் மூடிக்கிடந்த வீடுகளில் மறுபடியும் விளக்கு எரிந்தது. துரைக்கும் சந்தோஷம்தான். உப்புக்கு வேலை செய்கிறவர்களை எந்த துரை வேண்டாம் என்பான்?

சவுரியம்மாள் வீட்டில் சாவியை யாரும் கேட்கவில்லை. கித்தேரி பின்வாசல் சாய்ப்பில் படுத்தது. சாயங்காலம் அவள் கருப்பட்டிக் காபி போட்டுக் குடித்துக்கொண்டு, அதன் காதிலிருக்கிற உண்ணியைப் பொறுக்குவாள். "ஏளா, இன்னைக்கு அந்த மேஸ்திரி ஒன்ன வெரட்டுனானாமே, நீ ஏன் சும்மா நின்ன?" என்பாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் அது திரும்பும். இத்தனை வயசுக்குப் பிறகு அவள் கூப்பிட்டால் திரும்ப ஒரு ஜீவன் இருந்தது.

பிறகுதான் கம்பெனியின் குத்தகை முடிந்தது. நோட்டீஸ் ஒட்டினார்கள். காட்டைக் காட்டுக்கே திருப்பிக் கொடுக்கிறோம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. வெட்டியபோது யாரிடமும் கேட்காதவர்கள், திருப்பிக் கொடுக்கிறபோதும் யாரிடமும் கேட்கவில்லை. நூறு வருஷம் மரத்தையும் மண்ணையும் மனுஷரையும் கொழுந்தாகக் கிள்ளி எடுத்து முடித்து, சக்கையை வைத்துக்கொள் என்று மலையிடமே நீட்டினார்கள். ஒரு தொகை வாங்கிக்கொண்டு இறங்கிப் போக வேண்டும். சங்கம் ஊர்வலம் போனது, உண்ணாவிரதம் இருந்தது, கோர்ட்டுக்குப் போனது. ஒவ்வொரு வீடாகக் கைநாட்டு வைத்தது.

கைநாட்டு வைத்த வீட்டின் பேரை வெட்டுவதற்குத் தோட்டத்தில் ஒரு முறை இருந்தது. ஆளை மஸ்டர் களத்துக்கு வரச்சொல்லி, கண்டக்டர் படியில் ஏறி நின்று, பேரைக் கூப்பிட்டு, "பேர் வெட்டியாச்சு" என்று எல்லார் முன்னாலும் சொல்வார். ஆள் வந்து கூடையையோ கத்தியையோ மண்வெட்டியையோ படிக்குக் கீழே வைக்க வேண்டும். வைத்துவிட்டால் வேலை முடிந்தது. சொல்லாமல் முடியாது, வைக்காமலும் முடியாது. கரடி மண்வெட்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பள்ளத்துக்குள் இறங்கியது. மந்திகள் கிளை கழிக்கிற கத்தியைப் போட்டுவிட்டு எந்த மரத்தில் ஏறுவதென்று தெரியாமல் ஆபீஸ் கூரையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டுப் போயின. மாசிலாமணி தன் கத்தியை வைக்கும்போது அழுதான், பேச்சித்தாய் தன் கூடையை வைக்கவில்லை, எறிந்தாள்.

சவுரியம்மாள் மட்டும் கித்தேரியின் சாக்கை வைக்க விடவில்லை.

"அக்கா," என்றான் மாசிலாமணி, லாரியில் சாமான் ஏற்றி முடித்துவிட்டு. "குளம்பை மையில முக்கி வச்சிட்டு வா. கீழ காலனியில என் வீட்டுக்குப் பக்கத்துலயே பாத்து வச்சிருக்கேன்."

"என் பேரு எப்பவோ முடிஞ்சுது. இது கித்தேரி பேரு. பேர் இருக்குத வீட்டை இடிக்கக்கூடாதுன்னு கோர்ட்டு சொல்லியிருக்கு."

"ஒத்தை வீட்டை வச்சு என்னக்கா செய்யப்போற?"

"ஒரு வீடு நின்னாலும் தோட்டம் நிக்கிதுன்னுதான் அர்த்தம். நீ போ. லாரி நிக்கி."

லாரி போனது. ஜேசிபி வந்தது. லைன் லைனாக இடித்தார்கள். பதினஞ்சாம் லைனில் மூணாம் வீட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுவர் போய், அது பிடுங்க மறந்த பல்லைப்போல நின்றது. ஆறுமுகநயினாரும் போனார், போகும்போது ஏனோ அவளைப் பார்த்துக் கும்பிட்டார்.

சங்கு ஊதுவது நின்றது. ஆனால் அந்த நேரத்துக்குக் கித்தேரி எழுந்தது. களத்துக்குப் போய் வரிசையின் கடைசியில், தான் வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்றது. அதற்கு முன்னால் பெண்கள் நின்ற இடம் முழுக்க வெறும் தரையாக இருந்தது, அந்த இடத்தை அது விட்டுத்தான் நின்றது. கூப்பிட யாரும் வராததால் நெடுநேரம் நின்றுவிட்டு ஏழாம் நம்பருக்குப் போனது. கவாத்துச் செய்யாத தேயிலை ஆள் உயரத்துக்குப் போய், மரமாகி, வெள்ளையாகப் பூக்க ஆரம்பித்திருந்தது. அது எட்டின மட்டும் பறித்தது, கொட்டகைக்குக் கொண்டுவந்தது. அவள் அவிழ்த்துக் கொட்டினாள். நிறுக்க ஆளில்லாத இலை குவிந்து, கறுத்து, புளித்து நாறியது. கடை இல்லை, ரேஷன் வண்டி இல்லை. வீட்டிலிருந்த உப்பு குறைந்துகொண்டே வந்தது.

காட்டிலாகா வாட்சர் மல்லன் காணி எப்போதாவது அந்தப் பக்கம் வருவான், அவள் அடுப்பில் தேத்தண்ணி குடிப்பான்.

"ஒங்க மக மெலிஞ்சு போச்சே," என்றான் ஒரு நாள். "எலும்பு தெரியுது."

"தீனி எங்க இருக்கு?"

"மேல, தலைச்சோலைப் பக்கம் புல்லு வந்திருக்கு. ஆளு நடமாட்டம் நின்னதும் வந்துட்டு. அங்க ஒரு மிளாக் கூட்டமும் வந்திருக்கு, கொம்பன் ஒண்ணு நிக்கி. பொழுதடையில அதுங்க சத்தம் குடுக்குதே, கேக்கலியா?"

கேட்டிருந்தாள். அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் கித்தேரியின் இரண்டு காதும் எழும்பும், கிழிந்த காதும்கூட. பிறகு காதுகள் தாழும்.

"அப்ப ஏன் போக மாட்டேங்குது?"

"அதுக்குப் பேரு இருக்குல்லா," என்றான் மல்லன் காணி, அடுப்பைப் பார்த்தபடி. "வேலையில இருக்கு. சொல்லாம எப்படிப் போகும்?"

அன்றைக்கு அவள் அதைத் துரத்திப் பார்த்தாள். மேலே கையைக் காட்டினாள், திட்டினாள், கல்லை எடுத்தாள். அது கொஞ்ச தூரம் போய், மேஸ்திரியிடம் ஏச்சு வாங்கினவள் மாதிரித் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்து, சாக்கைக் கட்டிக்கொள்ள முதுகைக் காட்டி நின்றது. அவள் சாக்கை ஒளித்து வைத்தாள். அது வாயில் இலையைக் கவ்வியபடியே கொட்டகைக்கு வந்தது, ஒரு வாய், மறுபடி போய் இன்னொரு வாய், இருட்டுகிறவரை.

ஒரு மலைக்கே தெரிந்த சவுரியம்மாள், எந்தப் பேரையும் வெட்ட விடமாட்டேன் என்று லாரிக்கு முன்னால் படுத்தவள், துரையின் மேஜையைத் தட்டிப் பேசியவள், தன் வாழ்நாளில் பேரை வெட்டுகிற அந்த ஒரு சொல்லுக்கு எதிராகத்தான் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள். பேர் போனால் வீடு போகும். வீடு போனால் மலையில் அவர்கள் இருந்தார்கள் என்பதற்கு ஒரு செங்கல் சாட்சி இருக்காது. சாய்ப்பில் படுத்திருந்த மிளாவின் விலா ஏறி இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை சங்கு நேரத்துக்கு அவளும் எழுந்தாள். தலைக்குத் துணி கட்டினாள். சாக்கை எடுத்து நேராகக் கட்டிவிட்டாள். கித்தேரி போய்த் தன் இடத்தில் நின்றது. சவுரியம்மாள் களத்தின் ஓரத்தில் நிற்கவில்லை. வேலைக்கு வந்த நாளிலிருந்து ஏறாத அந்தப் படியில், துரையும் கண்டக்டரும் நிற்கிற படியில், ஏறி நின்றாள்.

வரிசையின் முதலிலிருந்து கூப்பிட்டாள். மனப்பாடம்தான். "அன்னக்கிளி." யாரும் இல்லை. "முடியம்மாள்." யாரும் இல்லை. "ஞானதீபம். வேலம்மாள். பேச்சித்தாய்." ஒவ்வொரு பேருக்கும் பதில் வருகிற அளவுக்கு நேரம் விட்டாள். செத்தவர்களையும் கூப்பிட்டாள், இறங்கினவர்களையும் கூப்பிட்டாள். மேகம் களத்துக்குள் இறங்கி வந்து வரிசை நின்ற இடத்தையெல்லாம் நிரப்பிக்கொண்டு நின்றது. கடைசியில் அவள் குரல் இறங்கியது.

"கித்தேரி."

மிளா தலையைத் தூக்கியது.

"பேர் வெட்டியாச்சு."

அது அசையாமல் நின்றது. அந்தப் பார்வையை அவளுக்குத் தெரியும். எத்தனை முகத்தில் பார்த்திருக்கிறாள், எத்தனை பேருக்காக அதைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறியிருக்கிறாள். இப்போது அது அவளையே பார்த்தது. நான் என்ன தப்புச் செய்தேன் என்று.

"நீ ஒண்ணும் செய்யலளா," என்றாள். "நீ ஒண்ணும் செய்யல."

அது நடந்து வந்து படிக்குக் கீழே முன்னங்காலை மடக்கி உட்கார்ந்தது. அவள் இறங்கிச் சாக்கை அவிழ்த்துப் படியில் வைத்தாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அதன்மேல் வைத்தாள். மிளா எழுந்திருக்கவில்லை. கூலிக்காகக் காத்திருந்தது. அவள் உப்பு கொண்டுவரவில்லை, வீட்டிலும் இல்லை. முகத்தைத் துடைத்த வெறுங்கையை நீட்டினாள். அது கண்ணை மூடிக்கொண்டு அந்த ஈரத்தை நக்கியது, விரலிடுக்கெல்லாம் நக்கி முடித்து, எழுந்து, மேற்குமுகமாகத் தலைச்சோலைக்குப் போகிற தடத்தில் நடந்தது.

அவள் பின்னாலேயே போய் ஏழாம் நம்பரின் விளிம்பில் நின்று பார்த்தாள். அது போய்க்கொண்டிருந்தது, நிற்கவில்லை, திரும்பவில்லை. ஆனால் போகிற வழியில் ஒவ்வொரு செடிக்கும் கழுத்து தானாகச் சாய்ந்தது, உதடு தானாகக் கிள்ளியது, தலை முதுகுப் பக்கம் திரும்பியது, முதுகில் சாக்கு இல்லாததால் இலை தரையில் விழுந்தது. அடுத்த செடி. அடுத்த செடி. மேகம் அதை மூடிக்கொள்கிற வரைக்கும் அப்படித்தான் போனது. தடம் முழுக்க இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பச்சையாய்க் கிடந்தது.

சவுரியம்மாள் குனிந்து ஒன்றை எடுத்தாள். பிறகு அடுத்ததை. களத்துக்குத் திரும்பிப் போய்ப் சாவியைப் படியிலேயே விட்டுவிட்டுச் சாக்கை மட்டும் கொண்டுவந்து, விழுந்த இலையையெல்லாம் ஒன்றுவிடாமல் பொறுக்கிப் போட்டுக்கொண்டே ஏறினாள், சாக்கு நிறைந்து தோளை அழுத்துகிற வரைக்கும். பிறகு அதைச் சுமந்துகொண்டு இறங்கி வந்து, இலை நிறுக்கும் கொட்டகையில் தராசுக்கு முன்னால், தன் முறை வருவதற்காக நின்றாள்.